உயிரோடு இருக்கும் அமெரிக்க நாவலாசிரியர்களில் பெரியவர் யார்? டெலிலோதான் என்கிறேன்

பழுப்புத்தாள்:
2003இல் விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம் அன்றைய அமெரிக்க நாவலாசிரியர்களில் நான்கு பேரை முன்னால் நிறுத்தினார்: தாமஸ் பிஞ்சன், ஃபிலிப் ராத், கார்மக் மெக்கார்த்தி, டான் டெலிலோ. ராத் 2018இல் போய்விட்டார். மெக்கார்த்தி 2023இல். அந்த நால்வரில் இடம் கிடைக்காத டோனி மாரிசனும் (அது ப்ளூமின் பார்வைக் கோளாறு) 2019இல் போய்விட்டார். மிச்சம் இரண்டு பேர்.

என் ஓட்டு டெலிலோவுக்கு. 1985இல் வந்த 'ஒயிட் நாய்ஸ்' நாவலில் ரசாயன மேகம் சூழ்ந்து ஊரையே காலி செய்கிறார்கள். முகாமில் பேரிடர் ஒத்திகை நடத்தும் குழு ஒன்று நிற்கிறது. 'இது நிஜமாகவே நடக்கிறதே' என்று கதைசொல்லி கேட்கிறார். தெரியும், இதை ஒத்திகைக்கு ஒரு பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம் என்று வந்தோம் என்கிற பாணியில் பதில் வருகிறது. நிஜத்தை ஒத்திகைக்கு ஒத்திகையாக்குகிறார்கள்! அதே முகாமில் மகள் தூக்கத்தில் ஏதோ முணுமுணுக்கிறாள். அப்பா குனிந்து கேட்டால் 'டொயோட்டா செலிகா', ஒரு காரின் பெயர். அவருக்கு அது மந்திரம் போல ஒலிக்கிறது. இதை எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

ஒற்றைப்பனை:
மர்லின் ராபின்சன் இருக்கிறார். 1980இல் 'ஹவுஸ்கீப்பிங்'. அடுத்த நாவல் 'கிலியட்' வர 24 வருடம் ஆனது. மொத்தமே ஐந்து நாவல். அதில் ஒன்றுகூட வீண் இல்லை. டெலிலோவில் பேராசிரியரும் பதினான்கு வயதுப் பையனும் ஒரே மாதிரி பேசுவார்கள். எல்லோர் வாயிலும் டெலிலோவின் நாக்கு. ராபின்சனிடம் அந்தக் குறை கிடையாது.

கடைசி பெஞ்ச்:
பிஞ்சனை இவ்வளவு சுலபமாகத் தாண்டிவிட்டீர்களே அண்ணே. 'கிராவிட்டிஸ் ரெயின்போ'வுக்குப் புலிட்சர் கொடுக்கச் சொல்லி 1974இல் நடுவர்கள் மூவரும் பரிந்துரைத்தார்கள். வாரியம் மறுத்துவிட்டது. அந்த வருடம் நாவலுக்குப் பரிசே இல்லை. அதே வருடம் தேசியப் புத்தக விருதை அவர் சார்பில் வாங்கியது ஒரு காமெடியன்! 2025இல், 88 வயதில், புது நாவல் வேறு. உயிரோடு இருப்பது என்றால் இதுதான்.

பழுப்புத்தாள்:
பிஞ்சனை வணங்குகிறேன். முடித்ததில்லை. (இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் முதல் இருநூறு பக்கத்திலேயே மூச்சு வாங்கியது.)

ஒற்றைப்பனை, எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விளம்பரமும் டிவியும் எல்லோருக்கும் ஒரே மொழியைக் கொடுத்துவிட்டன என்பதுதான் அவர் விஷயமே. 'கிலியட்' எனக்குப் பிரசங்கமாகத்தான் பட்டது. சாகப்போகும் 76 வயதுப் பாதிரியார் தன் சின்னப் பையனுக்குக் கடிதம் எழுதுகிறார். ஒளி, தண்ணீர், ஆசீர்வாதம். அழகுதான், மறுக்கவில்லை. 1956இல் நடக்கிற கதை அது. அந்த நாடு அப்போது கறுப்பின மக்களின் உரிமைப் பிரச்சினையில் பற்றி எரிந்துகொண்டிருந்தது. அது எங்கே?

ஒற்றைப்பனை:
நீங்கள் கேட்ட தீ அந்த நாவலுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள்.

அந்தப் பாதிரியார் ஏம்ஸின் தாத்தா அடிமை முறைக்கு எதிராகத் துப்பாக்கி எடுத்தவர். கான்சஸில் ஜான் பிரவுன் பக்கம் நின்றவர். அவர் பேரன் ஊழியம் செய்யும் அதே ஊரில் கறுப்பின மக்களின் தேவாலயத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். அந்தக் குடும்பங்கள் ஊரை விட்டே போய்விட்டன. நம் பாதிரியார் அதைப் பற்றி என்ன சொல்கிறார்? பெரிய தீ இல்லை, சீக்கிரம் அணைத்துவிட்டார்கள் என்கிறார். அவ்வளவுதான். அப்புறம் வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

கடைசியில் நண்பரின் மகன் ஜாக் திரும்பி வருகிறான். அவனுக்குக் கறுப்பின மனைவி, ஒரு மகன். இந்த ஊரில் நாங்கள் வாழ முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறான். ஏம்ஸால் முடியும் என்று சொல்ல முடியவில்லை. இத்தனை பக்கமாக நாம் நேசித்த மனிதர் அவர். ஒரு நல்ல மனிதர் எதையெல்லாம் மறந்துவிட்டு நல்லவராக இருக்கிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார் ராபின்சன். இதையா பிரசங்கம் என்கிறீர்கள்?

கடைசி பெஞ்ச்:
ஒபாமாவே 2015இல் ராபின்சனைப் பேட்டி எடுத்தார். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே :)

ஒற்றைப்பனை:
அதிபருக்குப் பிடித்தது இலக்கியச் சான்றிதழ் ஆகாது. என் பக்கம் பேசாதீர்கள் தம்பி.

மழைக்குருவி:
ஒரு கேள்வி. 'அமெரிக்க நாவலாசிரியர்' என்று சொல்லும்போது உங்கள் கண்ணில் யார் படுகிறார்கள்? லூயிஸ் எர்ட்ரிக் பெயரை இதுவரை ஒருவரும் எடுக்கவில்லை. 1984இல் 'லவ் மெடிசின்' தொடங்கி வடக்கு டகோட்டாவில் ஒரு பூர்வகுடி நிலத்தையே நாவல் நாவலாகக் கட்டியிருக்கிறார். ஒரு நாவலில் ஓரமாக வருகிறவர் இன்னொன்றில் நடுவில் நிற்பார்.

1953இல் அமெரிக்க நாடாளுமன்றம் பூர்வகுடிகளோடு இருந்த ஒப்பந்த உறவுகளை முடித்துவிட ஒரு தீர்மானம் போட்டது. பேர் என்னவோ விடுதலை. நிலம் கையை விட்டுப் போகும் விடுதலை! எர்ட்ரிக்கின் தாத்தா இரவுக் காவலாளி, டர்ட்டில் மவுண்டன் பூர்வகுடிக் குழுவின் தலைவரும்கூட. அதை எதிர்த்து நின்றார். அவர் எழுதிய கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேத்தி 'தி நைட் வாட்ச்மேன்' எழுதினார். 2021இல் புலிட்சர். டெலிலோவுக்குப் புலிட்சர் கிடைத்ததே இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பழுப்புத்தாள்:
பரிசுக் கணக்கு வேண்டாம் அக்கா, பிஞ்சன் கதையைத்தான் மேலே பார்த்தோமே. ஆனால் நான் தொடங்கியதே ப்ளூம் சொன்ன நான்கு ஆண்களிலிருந்துதான். அது உறுத்துகிறது.

டெலிலோவின் 'அண்டர்வேர்ல்ட்' முதல் அத்தியாயத்தைச் சொல்லாமல் மட்டும் விடமாட்டேன். 1951 அக்டோபர் 3, நியூயார்க்கில் ஒரு பேஸ்பால் ஆட்டம். டிக்கெட் இல்லாமல் எகிறிக் குதித்து உள்ளே போகும் கறுப்பினப் பையன் ஒரு பக்கம். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எஃப்பிஐ தலைவர் ஹூவர் இன்னொரு பக்கம். வெற்றிப் பந்து பறக்கிற அதே நாளில் ரஷ்யா அணுகுண்டு வெடித்த சேதி அவர் காதுக்கு வருகிறது. இந்த அத்தியாயத்துக்கு ஈடு கொடுக்க எர்ட்ரிக்கிடம் எதைப் படிக்கட்டும்?

மழைக்குருவி:
'லவ் மெடிசின்' முதல் அத்தியாயம். ஈஸ்டர் சமயம், பனியில் ஒரு பெண் நடந்தே ஊருக்குக் கிளம்புகிறாள். படித்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

பழுப்புத்தாள்:
சரி. 'கிலியட்'டில் அந்தத் தீ வரும் இடத்தை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். ஒரு பத்திகூட முழுசாக இல்லை. ஓட்டை இன்னும் மாற்றவில்லை, ஒற்றைப்பனை.