பழைய பருத்தி கவுனில் துருக்கறை: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா 1978ஆம் ஆண்டு லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது வாங்கிய, லாரா ஆஷ்லி என்ற பிரிட்டிஷ் ஆடை நிறுவனத்தின் கவுனில், உலோகக் கொக்கிகள் தைத்த முதுகுப் பகுதியில் ஐந்தாறு செம்பழுப்புக் கறைகள் தோன்றியுள்ளன; எவ்வளவு முயன்றும் போகவில்லை.

வெண்ணெய் நிறப் பருத்தியில் நீலச் சிறுபூ அச்சு, லேஸ் வைத்த உயர்ந்த கழுத்து, கணுக்கால் வரை விழும் சுருக்குப் பாவாடை. வேல்ஸில் உள்ள கார்னோ ஊரில் தயாரானதாக உட்புறச் சீட்டில் உள்ளது. விக்டோரியா காலத்து நாட்டுப்புற உடைகளை நினைவூட்டும் இந்த வடிவத்தின் மீது அம்மாவுக்கு அன்று இருந்த மயக்கம் எனக்கு இன்றும் குறையவில்லை, ஏப்ரலில் என் திருமண வரவேற்புக்கு இதையே உடுத்த விரும்புகிறேன்.

சென்ற ஜூன் வரை கறை இல்லை. அதன்பின் எட்டு மாதங்கள் ஈரம் கசியும் அறையில் பெட்டிக்குள் இருந்தது. குளிர்ந்த நீரில் ஊறவைத்து மென்மையான சோப்பால் அலசியதில் பயனில்லை. கறைபட்ட உள்மடிப்பில் எலுமிச்சைச் சாறு தடவியபோது கறை சற்றே வெளிறியது, ஆனால் பூவின் நீலமும் மங்கியது. குளோரின் பிளீச் துருவை மேலும் அழுத்தமாகப் பதிக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. இங்கே லண்டனில் இரண்டு சலவைக் கடைகளும் பொறுப்பேற்க மறுத்துவிட்டன.

இத்தகைய பழைய அச்சுப் பருத்தியில் நூலும் சாயமும் கெடாமல் துருவை நீக்க, ஆக்ஸாலிக் அமிலத்தை எந்த அளவில், எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூற முடியுமா?