அரசு உதவிபெறும் பள்ளிக்கு ரோபாட்டிக்ஸ் நிதி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு அரசு உதவிபெறும் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் ஒரு அர்டுயினோ போர்டையும் (நாம் எழுதும் நிரலை இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரையும் வைத்து, வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் கருவி செய்திருக்கிறார்கள். கடைமடைப் பிள்ளைகளுக்கு வேறு எது தோன்றும்! இருக்கிறது ஒரே போர்டு, அதற்குத்தான் அடிதடி.

மத்திய அரசின் நிதி ஆயோக், பிள்ளைகள் தாங்களே கருவிகள் செய்து பழகும் லேபைப் பள்ளியில் அமைக்க, அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் 20 லட்சம் ரூபாய் மானியம் கொடுத்தது. அமைப்பதற்கு 10, ஐந்து ஆண்டு நடத்துவதற்கு 10. அப்போது உதவிபெறும் பள்ளிகளும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. எங்கள் நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. 2025 பட்ஜெட்டில் அறிவித்த 50,000 லேப்களோ அரசுப் பள்ளிகளுக்கு என்று சொல்கிறார்கள். சம்பளம் அரசு தருகிறது, கட்டடம் நிர்வாகத்துடையது. இந்த மாதிரி நேரத்தில் நாங்கள் இரண்டு பக்கமும் சேராத ஆட்கள்.

தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் உதவிபெறும் பள்ளியில் யாராவது லேப் வாங்கியிருக்கிறீர்களா? 1,500 சதுர அடி இடம் கேட்டார்களே, இரண்டு வகுப்பறையைச் சேர்த்துக் காட்டினால் ஏற்றார்களா? பணத்தைச் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பிய பிறகு அடுத்த தவணை ஒழுங்காக வந்ததா? நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி வாங்கியவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். விண்ணப்பத்தின் நகல் ஒன்று கிடைத்தால் பெரிய உதவி.

கிட் விற்கும் அண்ணன்மார் மட்டும் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.