புகைத்தடுப்பு வகுப்பு பலன் தந்ததா என்பதை எப்படி அளப்பது?

கேள்வி (பள்ளி ஆசிரியர்):
எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குப் புகைப்பழக்கத்தின் தீமை குறித்து ஆறு வகுப்புகள் நடத்தினோம். முதல் நாளும் கடைசி நாளும் ஒரே வினாத்தாளைக் கொடுத்ததில் மதிப்பெண் நன்றாகவே உயர்ந்திருக்கிறது. 'திட்டம் வெற்றி' என்று அறிக்கை எழுதும்படி தலைமையாசிரியர் கேட்கிறார். எனக்கோ மனம் ஒப்பவில்லை. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தும், 'நீ புகைத்ததுண்டா' என்ற கேள்விக்கு வந்தபோது, நான் அருகில் நடக்கும்போதெல்லாம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டான். இந்த விடைகளை எவ்வளவு நம்பலாம்?

பதில் 1 (பொதுச் சுகாதார ஆய்வாளர்):
ஐயா, அந்த வினாத்தாள் அளந்தது நினைவாற்றலை, பழக்கத்தை அன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1984இல் தொடங்கிய ஹட்சின்சன் ஆய்வில், 40 பள்ளி மாவட்டங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மூன்றாம் வகுப்பிலிருந்தே பாடம் நடத்தி, 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பள்ளிப் படிப்பு முடிந்து இரண்டாண்டு வரை விடாமல் தொடர்ந்தார்கள். பாடம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, ஒப்பிட வேறு பள்ளிகள் இல்லாமல் வெற்றி என்று எழுத இயலாது. அதிலும் ஒரே பள்ளியின் 200 மாணவர்களை 200 தனித்தனிச் சான்றுகளாக எண்ணிவிடாதீர்கள். ஒரே கூட்டாளிகள், ஒரே பெட்டிக்கடை என்று இருப்பவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் நடப்பார்கள்.

பதில் 2 (ஆராய்ச்சி மாணவி):
அதற்காகப் பள்ளியில் செய்வதெல்லாம் வீண் என்று கொள்ள வேண்டாம். 2004 முதல் 2006 வரை தில்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் நடந்த மைத்ரி ஆய்வில், புகையிலைப் பயன்பாடு திட்டம் நடக்காத பள்ளிகளில் 68 விழுக்காடு கூடியது, நடந்த பள்ளிகளில் 17 விழுக்காடு குறைந்தது. மாணவர்கள் தாமே சொன்ன விடைகள் என்பதால் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளில் நடந்த அசிஸ்ட் ஆய்வில் எச்சில் மாதிரியும் எடுத்தார்கள். நிக்கோட்டினிலிருந்து உடலில் உண்டாகும் கோட்டினின் அதில் தெரிந்துவிடும். அங்கே பாடம் நடத்தியவர் ஆசிரியரும் அல்லர். எவர் பேச்சு எடுபடும் என்று வகுப்பாரே சுட்டிக்காட்டிய மாணவர்கள், பயிற்சி பெற்று, சாப்பாட்டு நேரத்திலும் நடைவழியிலும் நண்பர்களிடம் பேசினார்கள். புகைப்பழக்கம் ஓரளவு குறைந்தது.

கேட்டவர்:
எச்சில் பரிசோதனைக்கு எங்களிடம் வசதியில்லையே, அம்மா?

பதில் 2:
வேறு பள்ளி ஆசிரியரைக் கொண்டு தாள்களைக் கொடுத்து, மாணவர்களே உறையில் ஒட்டித் தரும்படி செய்யுங்கள். பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றையும் சேர்த்து, ஓராண்டு கழித்து மீண்டும் கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. இப்போதைக்கு 'மதிப்பெண் உயர்ந்தது' என்று மட்டும் எழுதித் தருகிறேன்.