1962 ஜான்சன் படகு இன்ஜினுக்கு லிட்டருக்கு 20 மில்லி ஆயிலா? யார் சொன்னது?

முகத்துவாரம்:
பான்டூன்ங்கிற மிதவைப் படகுக்குப் பின்னாடி 1962 ஜான்சன் இன்ஜின் மாட்டியிருக்கவருக்கு, "லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் போதும், இப்போ வர்ற ஆயில் தரமானது"ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் போடணும். லிட்டருக்கு 42 மில்லி. பத்து லிட்டர் டேங்குக்கு 420. பெரும்பாலான மாடலுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லின்னு கம்பெனி மாத்தினதே 1964-லதான். அதுக்கு முந்தின பல இன்ஜின்ல கிராங்க் தண்டு சுத்துறது வெண்கல புஷ்ல, அதாவது வெண்கல வளையத்துல. ஆயில் படலம் அறுந்தா கிராங்க்கைக் கடிச்சிடும்.

பைபர்போட் காசிமேடு:
எழுதினது நான்தான். ஆயிலை ஏத்தினா ஜெட் வழியா போற பெட்ரோல் குறையுது, மிக்சர் லீனாகுது, அதாவது காத்து கூடி பெட்ரோல் குறையுது, சூடேறுது. பிளக் கரி புடிக்கும், எக்ஸாஸ்ட் போர்ட்ல கார்பன் அடைக்கும், பிஸ்டன் ரிங் அது உட்கார்ற காடியிலயே ஒட்டிக்கும். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு. 20 போதும்.

முகத்துவாரம்:
லீனானா கார்புரேட்டர்ல பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற ஊசித் திருகு எதுக்கு இருக்கு? ஸ்லோ ஸ்பீடு ஊசியை இறுக்காம மெதுவா உட்கார வச்சு ஒன்றரை சுத்து திறங்க. இன்ஜின் சூடானதும் திக்காம ஓடுற இடத்துல நிறுத்துங்க. பிளக் கரியானா துடைச்சு, கேப் 0.75 மி.மீ. வச்சு மாட்டினா முடிஞ்சுது. புஷ் போனா கிராங்க் கேஸையே பிளக்கணும். 42 மில்லி!

பழவேற்காடு ஏரி:
அண்ணே, ஆயில் கிடக்கட்டும். எண்ணூர் கழிமுகத்துல சாம்பல் சேறு. இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி பம்ப்ல சுத்துற இம்பெல்லர் ரப்பர் இறக்கை ஒரு சீசன்லயே தேஞ்சு, பம்ப் கிண்ணத்துல கோடு விழுந்துடும். பம்ப் வேலை செய்யுதான்னு காட்ட, இந்தப் பழசுல தண்ணி பீச்சுற ஓட்டையும் கிடையாது. பின்னாடி எக்ஸாஸ்ட் ஓட்டையில சாரல் வரணும். சிலிண்டர் ஹெட்ல ஒரு சொட்டு தண்ணி விட்டா சுர்ருனு பொரியக்கூடாது. கரைக்கு வந்ததும் டிரம்முல நல்ல தண்ணி ரொப்பி பத்து நிமிஷம் ஓட விடுங்க.

பைபர்போட் காசிமேடு:
வந்துட்டாரு வாத்தியார். பான்டூனுக்கு 15 இன்ச் ஷாஃப்ட் போதும்னு அன்னிக்குச் சொன்னது நீங்கதானே? அதோட டிரான்சம், இன்ஜின் மாட்டுற பின்பலகை, 20 இன்ச் உயரம். புரொப்பெல்லர் காத்தைக் குடிச்சு இன்ஜின் அலறும்.

பழவேற்காடு ஏரி:
தாழ்ந்த டிரான்சம் இருக்கிற பைபர் போட்டுக்குச் சொன்னேன். தமிழ்ல தானே எழுதியிருந்தேன்? காசிமேட்டுக்காரங்களுக்கு மட்டும்தான் இன்ஜின் தெரியுமா?

பைபர்போட் காசிமேடு:
தெரியும்னுதான் சொல்றேன். 20 மில்லி.

முகத்துவாரம்:
ஷாஃப்டுக்குத் தாவாதீங்க. இப்போ பங்க்ல ஊத்துறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஈரத்தை இழுத்துக்கும், பழைய ஹோஸ் ரப்பரை ஊற வச்சு உதிர்க்கும், அந்தத் துகள் போய் ஜெட்டை அடைக்கும். பெட்ரோல் வரத்து குறைஞ்சா அதோட வர்ற ஆயிலும் குறையும். அதுல நீங்க 20 மட்டும் விட்டா புஷ்ஷுக்கு என்னய்யா மிஞ்சும்? தண்ணியில குளிர்ற படகு இன்ஜினுக்கான டி.சி.டபிள்யூ 3 (TC-W3) ஆயில், 42 மில்லி. பைக் ஆயிலைக் கொண்டு வந்து ஊத்தாதீங்க.

பைபர்போட் காசிமேடு:
பைக் ஆயில்னு எவன் சொன்னான்? நான் எழுதாததை என் தலையில கட்டாதீங்க. ஹோஸ் உதிர்ந்தா ஹோஸை மாத்துங்க, ஆயிலை ஏன் ஏத்துறீங்க?

முகத்துவாரம்:
ஹோஸும் மாத்தணும், 42-ம் ஊத்தணும். புரொப்பெல்லர் பக்கத்துல இருக்கிற கியர் கேஸ் ஆயிலையும் வடிச்சுப் பாருங்க. பால் மாதிரி வெளுத்திருந்தா சீல் வழியா உப்புத்தண்ணி ஏறிடுச்சுன்னு அர்த்தம்.

பைபர்போட் காசிமேடு:
கியர் கேஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? லிட்டருக்கு 20.