ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிறது: ஹீட்டரைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

திருநகர்வாசி:
எங்கள் வீட்டு 25 லிட்டர் ஹீட்டர் ஏழு ஆண்டுகளாக முழுக்கப் போர் தண்ணீரில்தான் ஓடுகிறது. சில மாதங்களாக உலை கொதிப்பது போன்ற சத்தம் வந்துகொண்டிருந்தது. இப்போது சுவிட்சைப் போட்டுச் சிறிது நேரத்தில் வீட்டின் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது, அடியிலும் தண்ணீர் சொட்டுகிறது. வந்த எலக்ட்ரீஷியன், ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடியாக இணைப்புக் கொடுத்துவிடலாம் என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் வெந்நீர் இல்லாமல் முடியாது. என்ன செய்யலாம்?

வயர்மேன்:
ஐயா, அந்த யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. அது விழுகிறதென்றால் உங்கள் அம்மாவைக் காப்பாற்றுகிறது என்றே பொருள். நீங்கள் சொல்லும் சத்தம், தண்ணீரைச் சூடாக்கும் காயில் மீது உப்பு படிந்ததன் அடையாளம். படிவு கனமாகும்போது வெப்பம் தண்ணீருக்குள் இறங்காமல் காயிலிலேயே தங்கி, அதன் உலோக உறை வெடித்து, உள்ளே உள்ள மெக்னீசியம் ஆக்சைடு பொடியில் ஈரம் ஏறிவிடும்.

மல்டிமீட்டரில் பார்த்தால் 2000 வாட் காயில் 26 ஓம் அளவில் நல்லதாகவே காட்டும். கசிவைப் பிடிக்க அது போதாது. ஹீட்டருக்கான எம்.சி.பி. சுவிட்சை அணைத்து, காயிலின் இரு வயர்களையும் கழற்றிவிட்டு, முனைக்கும் உறைக்கும் நடுவே 500 வோல்ட் மெகரை (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் காயிலை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது தண்ணீர் கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட விடாதீர்கள். தொட்டி துருப்பிடிக்காமல் தானே கரையும் மெக்னீசியம் ராடையும் வெளியே எடுத்துப் பாருங்கள், போர் தண்ணீரில் அது பெரும்பாலும் கம்பியாக இளைத்திருக்கும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் முனைகள் கருகியிருந்தால் அதுவும் புதிது.

குழாய்க்காரர்:
செலவு செய்யும் முன் சொட்டு எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். குளிர்நீர் வரும் குழாயில் உள்ள பாதுகாப்பு வால்விலிருந்து, சூடேறும்போது மட்டும் சொட்டினால் அது பழுதல்ல. 25 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் விரிகிறது. அது வெளியேற வழி வேண்டும். சிலர் அந்தத் துளையைத் துணி வைத்து அடைக்கிறார்கள், அதைவிட ஆபத்தான காரியம் இல்லை. காயில் பொருத்திய தட்டின் ஓரத்தில் கசிந்தால் கேஸ்கட்டோடு முடிந்துவிடும். வெளிக்கூட்டின் அடியில் துருக்கலங்கலாக வழிந்தால் உள்தொட்டி ஓட்டை. அதைப் பற்றவைத்துத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள்.

திருநகர்வாசி:
நன்றி ஐயா. வால்வில்தான் சொட்டுகிறது, துரு இல்லை. வேறொருவரை மெகருடன் வரச் சொல்லியிருக்கிறேன். ஒருவேளை புதிது வாங்க நேர்ந்தால் 25 லிட்டரே வேண்டுமா?

வயர்மேன்:
தேவையில்லை. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே நண்பகலில் கை வைக்க முடியாத சூட்டில் வருகிறது. ஹீட்டர் வேலை செய்வது பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரைதான். ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பவர்களுக்கு 15 லிட்டர் போதும். 28 டிகிரி தண்ணீர் 60 டிகிரிக்கு வர 2000 வாட்டில் இருபது நிமிடத்துக்குள் ஆகும், மின்சாரமும் அரை யூனிட்டுக்குச் சற்றே மேல்தான். எந்த ஹீட்டர் ஆனாலும் வெப்பநிலையை 55 டிகிரியை ஒட்டி வையுங்கள், சூடு கூடக்கூட உப்பு வேகமாகப் படியும். புதிய காயிலோ புதிய ஹீட்டரோ, 16 ஆம்பியர் பிளக்கின் எர்த் உயிரோடு இருக்கிறதா என்று அன்றே சோதித்துவிடச் சொல்லுங்கள்.