அம்மாவுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட்

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட். ஈப்போ தம்புனில் இருக்கும் லோஸ்ட் வேர்ல்டுக்குக் காரில் போனால் அதிக நேரம் ஆகாது. 2004-இல் திறந்த தீம் பார்க். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அம்மா எட்டிக்கூடப் பார்த்ததில்லை. "அங்க எனக்கு என்னா இருக்கு? புள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க" என்பார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பொதுவாகவே தீம் பார்க் விளம்பரம் என்றால் சறுக்கில் கத்திக்கொண்டு வரும் சின்னப் பிள்ளைகள்தான். பெரியவர்கள் இருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். டிக்கெட் என்னவோ பெரியவர்களுக்குத்தான் விலை கூட. காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அந்தப் படத்தைப் பார்த்தால், பைகளுக்குக் காவல் இருக்கத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்க மாட்டாரா?

போன பள்ளி விடுமுறையில் வற்புறுத்தி அழைத்துப் போனோம். பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடியதும் அம்மாவும் நானும் ஈயம் அலசிக் காட்டும் இடத்துக்குப் போனோம். வட்டமான டூலாங் தட்டைத் தண்ணீரில் சுழற்றச் சுழற்ற வெள்ளை மணல் விளிம்பு வழியே வழிந்து போனது. கனமான கறுப்பு ஈயமணல் மட்டும் அடியில் தங்கியது. அம்மா நகரவே இல்லை. "எங்க தோட்டத்துக்குப் பக்கத்து ஆத்துல சீன அம்மாங்க இப்படித்தான் நாள் பூரா குனிஞ்சு நிப்பாங்க" என்றவர், கிந்தா பள்ளத்தாக்கின் பழைய லம்பங்களை, அதாவது ஈயச் சுரங்கங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அதுவரை நான் கேட்டிராத கதைகள்.

அப்புறம் வெந்நீர்க் குளம். இயற்கை ஊற்று, சுற்றிலும் சுண்ணாம்பு மலை. முழங்கால் வரை இறங்கி உட்கார்ந்தவர், "தீவாளி எண்ணெக் குளியல் மாதிரி இருக்குடி" என்றார். பக்கத்தில் கோலகங்சாரிலிருந்து வந்த ஓர் அக்கா. பேரன் இழுத்து வந்தானாம். "இது இருக்குன்னு தெரிஞ்சா எப்பவோ வந்திருப்பேனே!" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அதுதான் ஆதங்கம். ஊற்றும் ஈயமும் அங்கேயே இருக்கின்றன. அவர்கள் வயதுக்காரர் ஒருவரின் படத்தை விளம்பரப் பலகையில் போட்டாலே தோட்டத்து மக்கள் வேன் பிடித்து வருவார்கள்.

பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் வெயில் தாழப் போங்கள். சேலை வேண்டாம், தண்ணீரில் இறங்க ஏற்ற உடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர், இருதயக் கோளாறு இருந்தால் வெந்நீரில் இறங்கலாமா என்று முதலில் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.