மறு: நிப்பருக்குத் தமிழில் என்ன? – கொய்குறடு

குழுவினருக்கு வணக்கம்.

இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பிளாஸ்டிக் துண்டுகளைச் சேர்த்து மாதிரி உருவங்கள் (மாடல்) கட்டுவோருக்குத் தமிழில் கையேடு எழுதும் தம்பி கேட்டது, துண்டுகளை வெட்டி எடுக்கும் நிப்பர் என்ற சிறு கருவிக்கு ஒரே ஒரு சொல். நாம் அதற்குள் தனித்தமிழா கடன்சொல்லா என்கிற பழைய சண்டைக்குப் போய்விட்டோம். அதை ஓரமாக வைத்துவிட்டுக் கருவியைப் பார்ப்போம்.

> நிப்பர் என்றே எழுதலாம். கடையில் கேட்டால் கிடைக்கிறதே.

கிடைக்கும். சென்னை ரிட்சி தெருவில் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் கையில் வருவது செம்புக் கம்பியையும் சர்க்யூட் பலகையின் கால்களையும் வெட்டுகிற நிப்பர். அதன் வாய் தடிமனானது. இரண்டு பக்கமும் சரிவாகச் சாணை பிடித்திருக்கும். அதை வைத்துக் குண்டம் (Gundam) என்கிற ஜப்பானிய ரோபோ பொம்மையின் தோள்பட்டையை, துண்டுகள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டினால், வெட்டிய இடத்தில் வெள்ளை பூத்துக் கிடக்கும். கருநீல நிறத் துண்டாக இருந்தால் கேட்கவே வேண்டாம், தேமல் மாதிரி தெரியும். 'நிப்பர் வாங்கு' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் போய் இதைத்தான் வாங்கி வருவார். வகையைச் சேர்த்துச் சொல்லும் பெயர் வேண்டும் என்பது அதனால்தான்.

> நுண்வெட்டி அல்லது பக்கவெட்டி?

நுண்வெட்டி என்றால் எது வேண்டுமானாலும் ஆகலாம். (தவிர, 'வெட்டி' என்று முடியும் சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் சிரிப்பு வரும். அதற்கு இலக்கணத்தில் மருந்து இல்லை.) பக்கவெட்டி என்பது 'சைடு கட்டர்' என்பதை அப்படியே தூக்கி வைத்தது. அந்த ஆங்கிலப் பெயரே நமக்கு உதவாது என்பதற்கு நல்ல சான்று, ஜப்பானிய மாடல் நிறுவனமான தமியாவின் 74035 எண் கருவி. ஆங்கிலத்தில் அதைக் கூர்முனைப் பக்கவெட்டி என்ற பொருளில் விற்கிறார்கள். ஜப்பானியப் பெயரோ 'மெல்லிய கூர் கொண்ட நிப்பர், கேட் வெட்டுவதற்கு' என்கிறது. கருவி ஒன்றுதான். ஒரு பெயர் வடிவத்தைச் சொல்கிறது, மற்றது கூரின் மென்மையையும் வேலையையும் சொல்கிறது. வாங்குபவருக்கு எது பயன்படும்?

கேட் என்பதற்கு 'மடை' என்று முந்தைய இழையில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள்; இங்கும் அதையே எழுதுகிறேன். உருகிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடிவந்து, கடைசியில் ஒரு குறுகிய வழியாகத் துண்டின் குழிக்குள் பாயும். அந்தக் குறுகிய இடம் மடை. ஆறிய பிறகு துண்டு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் அங்கேதான். வெட்டிய பின் நிற்கும் அடையாளம் மடைவடு.

> கத்தரி வகை என்று சொல்லிவிட்டால் எளிது.

எளிதுதான், ஆனால் தவறு. கத்தரியின் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடந்து போகும். நிப்பரின் வாய்கள் கடப்பதில்லை. எதிரெதிரே வந்து சந்திக்கும். ஆகவே இது குறட்டு இனம். பொற்கொல்லரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் குறடு இருக்கிறது, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடைமொழிக்கு என் முன்மொழிவு 'கொய்'. பூக் கொய்வதும் தினை கொய்வதும் காம்பிலிருந்து பிரித்து எடுப்பதுதான், பிரித்ததைச் சேதமில்லாமல் கையில் வாங்கிக்கொள்வதுதான். சட்டத்திலிருந்து துண்டை எடுக்கும் வேலையும் அதுவே. கிள்ளுகுறடு என்று ஐயா ஒருவர் சொன்னதையும் யோசித்தேன். கிள்ளினால் நசுங்கும், இங்கே நசுங்கவே கூடாது. எனவே கொய்குறடு. வினைத்தொகை, ஒற்று மிகாது. 'கொய்க்குறடு' என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

> ஒற்றை அலகு, இரட்டை அலகு என்று வகைப்படுத்தலாமா?

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இது. ஜப்பானியர் கதாபா, ர்யோபா என்று பிரிப்பது இந்த வேறுபாட்டைத்தான். விலையிலும் வெட்டிலும் பெரிய இடைவெளி இங்கேதான் இருக்கிறது. ஆனால் 'ஒற்றை அலகு' என்றால் ஒரு வாய்தான் உண்டு, இன்னொன்று இல்லை என்று படுகிறது. உண்மையில் வாய் இரண்டு உண்டு. ஒன்றில் மட்டும் கூர் இருக்கிறது. மற்றது தட்டையாக, துண்டைத் தாங்கிக்கொள்ள மட்டும் நிற்கிறது.

இதை விளக்க நமக்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் தண்டில் கூர், கீழ்த்தண்டு மழுங்கல், நடுவில் பாக்கு. கீலை மட்டும் இடம் மாற்ற வேண்டும்: பாக்குவெட்டியில் கீல் நுனியில் இருக்கும், குறட்டில் வாய்க்கும் கைப்பிடிக்கும் நடுவில்.

எனவே ஒருகூர்க் கொய்குறடு, இருகூர்க் கொய்குறடு. ஒருகூர் வகையில் வெட்டும் பக்கம் கூர்வாய், தாங்கும் பக்கம் தாங்குவாய். ஜப்பானின் நீகாத்தா மாகாணத்துச் சுபமே வட்டாரம் உலோகக் கைத்தொழிலுக்குப் பேர்போனது. அங்கிருந்து வரும் காட்ஹேண்ட் நிறுவனத்தின் 'அல்டிமேட் நிப்பர்' இந்த ஒருகூர் வகைதான். இடக்கைக்காரருக்குத் தனியாகவும் செய்கிறார்கள்.

பெயரில் கூர் என்று வருவதால் கையேட்டில் காரணத்தையும் சொல்ல வழி பிறக்கிறது. இருகூர் வகையில் இரண்டு ஆப்புகள் இரு பக்கமிருந்தும் பிளாஸ்டிக்குக்குள் இறங்கி, அதைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. கடைசியில் நடுவில் மிஞ்சும் மெல்லிய பகுதி வெட்டுப்படுவதில்லை, 'டக்'கென்று பிய்கிறது. இழுபட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் உண்டாகி ஒளியைச் சிதறடிக்கின்றன. அதுதான் அந்த வெள்ளை. ஒருகூர் வகையில் ஆப்பு ஒன்றுதான், அதுவும் மிக மெல்லியது. அழுத்தும்போது சத்தமே வராது, வெண்ணெயில் இறங்குவது போல இறங்கித் தாங்குவாயில் போய் உட்காரும்.

மெல்லியதாக இருப்பதுதான் அதன் தொல்லையும். கண்ணாடி போன்ற தெளிதுண்டுகள் கடினமானவை, நொறுங்குபவை. அவற்றில் வைத்தால் கூர்வாய் பல் விட்டுவிடும். உலோகக் கம்பி பக்கமே கொண்டுபோகக் கூடாது. தடித்த சட்டத்தை வெட்டவும் இதை எடுக்கக் கூடாது. அழுத்தும்போது மணிக்கட்டைத் திருகுவதும் ஆகாது. வேலை முடிந்ததும் தூசு துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.

> ஸ்டாப்பர் பின்னுக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

கூர்வாய் தாங்குவாயை அளவுக்கு மேல் அழுத்தாதபடி நிறுத்துகிற சிறு முளை அது. தடுப்புமுளை எனலாம். நேராக மொழிபெயர்த்தால் தடுப்பூசி ஆகிவிடும், கவனம்.

> டிசைன் நைஃப்?

பேனா போலப் பிடித்துச் சீவும் சிறு கத்தி அது. பேனாக்கத்தி என்ற பெயர் மடக்குக் கத்திக்குப் போய்விட்டதால் அந்தப் பெயர் வேண்டாம். 'செதுக்குகத்தி' போதும். மழுங்க மழுங்க நுனியை ஒடித்துப் போடும் கத்திக்கு மட்டும் ஒடிகத்தி என்று எழுதலாம். 1956இல் ஒசாக்காவின் ஒகாதா யோஷியோ அதை உருவாக்கினார். ஓல்ஃபா என்ற வணிகப் பெயரே 'ஒடிக்கும் அலகு' என்று பொருள்படும் ஜப்பானியத் தொடரிலிருந்து வந்ததுதான். மாதிரி கட்டுவோர் மேசையில் இரண்டும் இருக்கும். மடைவடுவைச் சீவச் செதுக்குகத்திதான் வசதி.

தம்பிக்கு: கையேட்டில் இப்படிப் போட்டுப் பாருங்கள்.

"முதல் வெட்டு, துண்டிலிருந்து தள்ளி. சாதாரண இருகூர்க் கொய்குறடு போதும். மடையின் ஒரு பகுதி துண்டிலேயே நிற்கட்டும். துண்டு சட்டத்திலிருந்து விடுபட்ட பிறகு, ஒருகூர்க் கொய்குறட்டின் தட்டைப் புறத்தைத் துண்டின் பக்கம் வைத்து, அரை மில்லிமீட்டர் அளவு மட்டும் விட்டு இரண்டாவது வெட்டு. எஞ்சியதைச் செதுக்குகத்தியால் மெல்லிய சீவல்களாக எடுத்து, 400, 600, 800 என்ற வரிசையில் உப்புத்தாள் போடவும்."

'தட்டைப் புறம்' எது என்பதற்குப் படம் ஒன்று கட்டாயம் வேண்டும், அதைச் சொல்லால் மட்டும் விளக்க முடியாது. இலங்கை நண்பர்கள் உப்புத்தாளுக்கு அங்கே வழங்கும் பெயரை எழுதினால் அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடலாம். கோடு கீறும் ஸ்க்ரைபரை இந்த இழையில் இழுக்காமல் தனி மடலாகத் தொடங்குங்கள். 'கீறுளி' என்று ஒன்று கைவசம் இருக்கிறது, அங்கே வந்து வாதாடுகிறேன்.